குத்தியவன் மட்டும் போதாது

விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். புர்கா போட்டிருந்தவர் சட்டென்று சொன்னார்: "குத்துனவன் உள்ள இருக்கான். எனக்கு அந்த இன்ஸ்பெக்டரும் உள்ள போவணும்."

பீங்கான் கம்பெனியிலிருந்து வந்த மற்றவளின் கையில் இன்னும் வெள்ளை மண் காய்ந்திருந்தது. "மெதுவா பேசுங்கக்கா."

"எதுக்கு மெதுவா? கடைக்குப் பின்னால கஞ்சா விக்கிறானுங்கன்னு எம்புள்ள அந்த இன்ஸ்பெக்டருகிட்ட போயி சொன்னான். அன்னிக்கு சாயங்காலமே அவனுங்க வந்து, 'நீதான சொன்ன'ன்னு கேட்டானுங்க. பயந்துபோயி மறுபடியும் ஸ்டேஷனுக்கு ஓடுனான். அந்த வாரமே குத்துப்பட்டு மையத்தாதான் வூட்டுக்கு வந்தான்."

"இன்ஸ்பெக்டரத்தான் மாத்திட்டாங்களே?"

"மாத்துனா ஆச்சா? போன ஊருலயும் புள்ளைங்க இருக்குதுல்ல?"

புர்காக்காரர் குரல் இறங்கியது. "ரெண்டாவது தடவ போனப்ப என்ன நடந்துச்சின்னு சொல்ல சாட்சி வேணுமாம். வக்கீலு கேக்குறாரு. யாரு இருக்கா?"

மற்றவள் கையில் காய்ந்த மண்ணைச் சுரண்டினாள்.

"நான் இருந்தேங்க்கா. தொலைஞ்ச போனுக்கு மனு குடுக்கப் போயிருந்தேன். 'செத்தா வந்து சொல்லு'ன்னு இன்ஸ்பெக்டரு சிரிச்சாரு. இத்தினி நாளா பயந்துகிட்டு வாயத் தொறக்கல."

புர்காக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் இருவரும் அழுதார்கள்.

"கோர்ட்டுல சொல்லுவியா?"

"சொல்றேங்க்கா. மொதல்ல எம்மவன வெளியூருக்கு அனுப்பிட்டு வந்துடறேன்."