ஏழு போர், ஒரு ஊசி

அன்னூரிலிருந்து கோவைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுப் பெரியவர் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு மனைவியிடம் சொன்னார்:

“கிட்னியில இருக்கற கட்டிய ஊசியில குத்துனா ஒடம்பு பூராப் பரவிப்போகுமாமா. நான் மாட்டேன்.”

“ஆருங்க சொன்னாங்க?”

“டீக்கடையில எல்லாருந்தான்.”

“அப்படிப் பரவறது ரொம்ப அபூர்வம்னு டாக்டர் சொன்னாருங்களே. கொஞ்சம் ரத்தம் கசியலாம், அதுக்குத்தான் ஒரு நாள் படுக்க வெச்சுப் பாப்பாங்களாமா. புத்துநோயா, சாதாக் கட்டியான்னு தெரிய வேண்டாமுங்களா?”

“உள்ளுக்குள்ள இருக்கறத எப்படிக் குறி பாத்துக் குத்துவாரு?”

அந்தம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“உள்ளங்கையில தேங்காய நிக்க வெச்சு நீரோட்டம் பாத்தவன் பேச்சக் கேட்டு, தோட்டத்துல ஏழு எடத்துல போர் போட்டீங்களே, ஒண்ணுலயாச்சும் தண்ணி வந்துச்சுங்களா? டாக்டரு ஸ்கேன்ல பாத்துட்டேதான் குத்துவாருங்க.”

பெரியவர் கவரிலிருந்து படத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“செரி, குத்திக்கறேன். அந்த மிசினத் தோட்டத்துக்குக் கொண்டாந்து எட்டாவது போருக்கு எடம் பாத்துத் தருவாரான்னு மட்டும் டாக்டர ஒரு வார்த்த கேளு.”