தம்பி, நடுவாலை

தேத்தண்ணிக்குச் சீனி கூடிப்போச்சோ, கபிரியேல்? எனக்குக் கைக்கணக்குப் பிடிபடுறதில்லை. தம்பி யோனுக்கு மூண்டு கரண்டி வேணும். அந்தப் பழக்கத்திலை எல்லாற்றை கோப்பைக்கும் மூண்டு கரண்டி போயிடுது. குடிக்க ஏலாட்டி வையும், வேறை போட்டுத் தாறன்.

அவன் உள்ளை நித்திரை. மத்தியானம் நித்திரைக் குளிசை குடுத்தால் பின்னேரம் மட்டும் எழும்பமாட்டான். இண்டைக்கு ஒண்டு கூடத்தான் குடுத்தனான், உம்மோடை ஆறுதலாக் கதைக்கவேணும் எண்டு. ஆனபடியால் நீர் குசுகுசுக்கத் தேவையில்லை.

முதலிலை அழுகையை நிப்பாட்டும். ஞாயிறு பூசை முடிய இந்த ஐஞ்சு மாடியும் ஏறி வந்து, இந்தக் கதிரையிலை இருந்து, "நான்தான் மிசியே முட்டினேன், என்னாலதான் அவரு இப்படிப் படுத்துக் கெடக்காரு" எண்டு உம்மடை பாண்டிச்சேரித் தமிழிலை சொல்லிச் சொல்லி அழுறீர். நல்ல பொடியன் நீர். உம்மைப் பெத்த ஜெர்மேன் அம்மாவும் நல்ல மனுசி. அவ குடுத்துவிடுற மீன்குழம்புக்குப் புளி காணாது, அது வேறை கதை. ஆனா உம்மடை கண்ணீருக்கு இந்த வீட்டிலை வேலை இல்லை.

போன ஞாயிறு நீர் ஒரு புதுக்கதை கொண்டு வந்தீர். கடற்கரைப் பக்கம் ஒரு நிலையமாம். உம்மடை ஜிஸ்லேன் மாமி அங்கை நேர்ஸாம். கழுத்துக்குக் கீழை விளங்காத பிள்ளையளுக்கு நாடியாலை ஒரு தடியைத் தள்ளி ஓட்டுற சில்லுக் கதிரை குடுத்துப் பழக்குவினமாம். செவ்வாய்க்கிழமை யோனை ஏத்த வண்டி வருமாம். என்னைக் கேக்க முதல் உள்ளை போய் யோனைக் கேட்டீர், அவனும் ஓம் எண்டிட்டான். என்ரை தம்பி என்ரை வாயைப் பாக்காமல் ஓம் எண்டு சொன்னது அதோடை ரெண்டாந்தரம். அதுதான் உம்மை இருத்தி வைச்சுக் கதைக்கிறன்.

அந்த மட்ச் நினைவிருக்குமே. எண்பத்தேழு பங்குனி, மழை. எங்கடை யூனிவேசிற்றிப் பொடியள் ஒரு பக்கம், உங்கடை ஆக்கள் மற்றப் பக்கம். பாரிசிலை அமெரிக்கன் ஃபுட்போல் பாக்க ஆர் வருவினம்? தாய் தேப்பன், ரெண்டு மூண்டு பெட்டையள், நாயோடை உலாத்த வந்த ஒரு கிழவர். நான் எங்கடை பொடியளுக்குக் கோச். எழுபதுகளின்ரை கடைசியிலை அமெரிக்காவிலை ஒரு சின்னக் கல்லூரியிலை படிக்கேக்கை கோச்சுக்குப் பக்கத்திலை நிண்டு ஆட்டம் குறிச்சுக் குடுத்தவன் நான். அந்த அறிவை வைச்சு இஞ்சை பெரிய ஆளாகிட்டன். கிழமை முழுக்க ரெஸ்டோறண்டிலை சட்டி கழுவுறது, ஞாயிறு வந்தால் பிரெஞ்சுப் பொடியளை அதட்டுறது. நல்லாத்தான் இருந்தது.

யோன் எனக்குக் கடைசித் தம்பி. அம்மா செத்தாப் பிறகு அவனைக் குளிப்பாட்டி, சீப்பாலை தலை இழுத்து, பள்ளிக்கூடம் விட்டது நான். எண்பத்திமூண்டுக் கலவரத்துக்குப் பிறகு அவனை இஞ்சை எடுப்பிச்சதும் நான். வெளிநாட்டாருக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிற வகுப்பிலை யூனிவேசிற்றியிலை சேத்துவிட்டன். பிரெஞ்சு அவனுக்கு வாய்க்குள்ளை வரேல்லை. ஓட்டம் வந்தது. ஊரிலை நூறு மீற்றரிலை அவனை ஒருத்தரும் பிடிச்சதில்லை. நான் தலைக்கவசத்தை மாட்டிப் பந்தைக் கையிலை குடுத்தன், அவ்வளவுதான் செய்தது.

மட்ச்சுக்கு ரெண்டு மாதம் முன்னம் அவனுக்குக் கழுத்திலை அடிபட்டது. ரெண்டு கையும் விறைச்சு, பேந்து வழமைக்கு வந்திட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனன். எங்கடை சனம் டொக்டரிட்டைப் போகேக்கை பிரெஞ்சு தெரிஞ்ச ஒருத்தர் கூடப் போறது வழமை. எங்கடை சனம் இருக்கிற லா சப்பல்லை பாதிப்பேருக்கு நான்தான் போனனான். டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்திலை பிடிச்சுக் காட்டினார். இந்தப் பிள்ளைக்குப் பிறப்பிலையே கழுத்தெலும்புக்குள்ளை நரம்புக்கு இடம் காணாது, இனி இந்த விளையாட்டுக் கூடாது, தலையாலை இன்னொருக்கா முட்டினா ஆயுளுக்கும் படுக்கைதான் எண்டார். யோன் என்ரை முகத்தைப் பாத்தான்.

"என்னவாம் அண்ணை?"

"சதைப்பிடிப்பாம். ரெண்டு கிழமை ஆறட்டாம்" எண்டன்.

அதிலை ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அவனுக்கு இந்த ஊரிலை வேறை என்ன சந்தோசம் இருந்தது? ஆட்டம் சொல்லுறவன் நான்தானே, ஆபத்தான பக்கம் விடாமல் பாத்துக்கொள்ளலாம் எண்டு நினைச்சன். பாத்துக்கொண்டும் இருந்தன். அதுக்குப் பிறகு அவனை ஓரத்தாலை மட்டும்தான் ஓட விட்டனான். நடுவிலை நிக்கிற மாடுகள் ஒண்டும் அவனிலை முட்ட விடேல்லை. ஒரு தம்பியை இப்பிடிக் காத்த அண்ணன் ஆரும் இருந்தால் எனக்குக் காட்டும்.

மட்ச்சுக்கு முதல் வியாழக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை அவன் சொன்னான், தான் கனடாவுக்குப் போறனெண்டு. மொன்றியாலிலை பேர்ளி இருக்கிறாள். ஊரிலை இருக்கேக்கையே அவன் விரும்பின பெட்டை. அவள் எல்லாம் ஒழுங்குபடுத்திப்போட்டாளாம். என்னைக் கேக்காமல் ஓம் எண்டிட்டான். அதுதான் முதல்தரம். மட்ச் முடிய அடுத்த கிழமை பிளேனாம். "நீங்களும் பிறகு வாங்கோ அண்ணை" எண்டான். பிறகு வாங்கோவாம், பஸ்ஸிலை இடம் இல்லாதவனுக்குச் சொல்லுற மாதிரி. எனக்கு நெஞ்சு பத்தி எரிஞ்சுது. உம்மட்டை ஏன் மறைப்பான், எரிஞ்சுதுதான். ஆனா ஒரு சத்தமும் போடேல்லை. "நல்ல விசயம்" எண்டன். அண்டைக்கு அவனுக்கு விருப்பமான இறால் பொரிச்சு இன்னும் ரெண்டு கரண்டி வைச்சன்.

இனித்தான் உமக்குத் தெரியாத பகுதி. எங்கடை டீமிலை ஆட்டத்தைத் தமிழிலைதான் கத்திச் சொல்லுறது. பிரெஞ்சுப் பொடியளுக்கும் நாலைஞ்சு சொல்லுப் பாடமாக்கி விட்டிருந்தன். வலக்கை, இடக்கை, நடுவாலை. "தம்பி" எண்டா பந்து யோனுக்கு. எதிராளிக்கு ஒரு இழவும் விளங்காது. ஆனா அண்டைக்கு மட்ச் துவங்க முதல் நீர் வேலிக்கரையிலை நிண்டு, "மழையில நிக்காதம்மா, சளி புடிச்சுக்கும்" எண்டு ஜெர்மேன் அம்மாவுக்குச் சொன்னதை நான் கேட்டிட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. முதல் பாதியிலை ஒருக்கா வேணுமெண்டு "வலக்கை" எண்டு கத்திப் பாத்தன். பந்து அசைய முதலே நீர் எங்கடை வலப்பக்கம் வந்து நிண்டீர். சரி எண்டிட்டு, அதுக்குப் பிறகு எல்லாத்தையும் கையாலைதான் காட்டினன். கைச்சாடையும் பொடியளுக்குப் பழக்கி வைச்சிருந்தது. அதுக்குப் பிறகு என்ரை வாயிலை இருந்து ஒரு தமிழ்ச்சொல் வந்ததோ எண்டு யோசிச்சுப் பாரும்.

கடைசியிலை நாங்கள் டச்டவுன் போட்டம். நீங்கள் இருபது, நாங்கள் பத்தொன்பது. ஆட்டத்திலை நேரம் இல்லை. டச்டவுன் போட்டவைக்கு மேலதிகமா ஒரு தரம் குடுப்பினம். பந்தை உதைச்சுக் கம்பத்துக்குள்ளாலை போட்டா ஒரு புள்ளி, சமன். மூண்டு யாட் தூரத்தாலை பந்தோடை உள்ளை போனா ரெண்டு புள்ளி, வெற்றி. எங்களுக்குச் சமனே காணும், அடுத்த சுற்றுக்குப் போயிடுவம். இதிலை யோசிக்க ஒண்டுமில்லை, சின்னப்பிள்ளையும் உதை எண்டுதான் சொல்லும். உதைக்கிற பொடியன் சப்பாத்திலை சேறு துடைச்சுக்கொண்டு வந்து நிண்டான். உதவிக்கோச் என்ரை கோட்டுக்கையைப் பிடிச்சு இழுத்தான். நான் ரெண்டு விரலைக் காட்டினன். ரெண்டுக்குப் போறம் எண்டன்.

எல்லாரும் வரிசையிலை நிண்டாப் பிறகு, உமக்கு வடிவாக் கேக்கத்தக்கதாக் கத்தினன்.

"தம்பி, நடுவாலை."

யோன் திரும்பிப் பாத்தான். அவனை நடுவாலை விட்டுக் கனகாலம். நான் தலையை ஆட்டினன். அவன் சிரிச்சான். போற பிள்ளைக்குக் கடைசி மட்ச்சிலை அண்ணை ஒரு பெரிய ஆட்டம் தாறார் எண்டு நினைச்சிருப்பான். நீர் அவனுக்கு முதலே அந்த இடத்துக்கு வந்திட்டீர். உம்மிலை என்ன பிழை, காது இருக்கிறவனுக்குக் கேக்கும். தலையைப் பதிச்சுக்கொண்டு ஓடு எண்டு அவனைப் பழக்கினதும் நான்தான். அவன் நல்ல பிள்ளை, சொன்னபடிதான் வந்தான். சத்தம்கூடப் பெரிசா இல்லை.

ஒருத்தரும் என்னைக் குறை சொல்லேல்லை. மனுசன் வெல்ல ஆசைப்பட்டுத் தம்பியைப் பறிகுடுத்திட்டு நிக்குது எண்டு இரக்கப்பட்டினம். கடைத்தெருவிலை சனம் எனக்கு வழி விடும். "பெத்த தாயும் இப்பிடிப் பாக்கமாட்டா" எண்டு அற்புதமலரக்கா கடைக்கு வாற எல்லாருக்கும் சொல்லுறவ. அது பொய்யில்லை. நான் அவனுக்குச் சோறு தீத்துறன், சவரம் எடுக்கிறன், இரவிலை எழும்பிப் பிரட்டிப் படுக்கவைக்கிறன். முதுகிலை ஒரு புண் இருந்தாக் காட்டும். அரசாங்கத்தாலை புறநகர்ப் பக்கம் பொபினியிலை லிஃப்ட் இருக்கிற வீடு தாறமெண்டவை, நான் வேண்டாம் எண்டிட்டன். இஞ்சை லிஃப்ட் இல்லைத்தான், ஆனா ரூ பஜோல் தெருப் பக்கம் யன்னலைத் திறந்தா ரெயில் போறது தெரியும். அவனுக்கு அது காணும்.

பேர்ளி நெடுக ரெலிபோன் எடுத்தவள். அவன் உன்னோடை கதைக்க விரும்பேல்லைப் பிள்ளை, வேறை ஆரையும் பாத்துக் கட்டு எண்டு சொன்னன். அவனுக்கு, அவள் விசயம் அறிஞ்சு விலத்திட்டாள் எண்டு சொன்னன். அவன் ரெண்டு மூண்டு நாள் சாப்பிடேல்லை, பேந்து சாப்பிட்டான். அவள்தான் இப்பவும் இடைக்கிடை எடுக்கிறாள். குரல் கேட்டால் வைச்சிடுவன்.

இப்ப விளங்குதோ, கபிரியேல்? நீர் அவனுக்கு ஒரு குற்றமும் செய்யேல்லை. டொக்டர் சொன்னதை மறைச்சது நான். உமக்கு விளங்கும் எண்டு தெரிஞ்சு கத்தினது நான். கழுத்து முறியும் எண்டு தெரிஞ்சு, அவன் என்னை விட்டிட்டுப் போகக்கூடாது எண்டு கத்தினது நான். ஆனபடியால் பரிகாரம் செய்ய உமக்கு ஒண்டும் இல்லை. அந்தா ரெலிபோன். ஜிஸ்லேன் மாமிக்கு எடுத்து, செவ்வாய்க்கிழமை வண்டி தேவையில்லை எண்டு சொல்லிவிடும்.

ஏன் எழும்பிறீர்? அந்த அறைக் கதவைத் திறவாதையும், பிள்ளை நித்திரை. இரும், தேத்தண்ணியும் குடிக்கேல்லை. முன்பின் தெரியாத சனத்திட்டைக் கொண்டுபோய் விட்டால் அவன்ரை கதி என்ன? பாவம், அவனுக்கு என்னை விட்டால் ஆர் இருக்கினம், சொல்லும்.