முதல் எண்ணில் இருந்த தையல்காரர்

மணி ஏழேகால். இடுகாட்டிலிருந்து ஊருக்குள் வரும் சாலை... மூன்று மைலுக்கு ஒரு விளக்கு கிடையாது. அதில் சீட்டியடித்துக்கொண்டு பைக்கில் வந்தவர் என் நண்பனின் அக்கா புருஷன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரை 'எல்லாம் தெரிஞ்சவர்' என்பார்கள். வேலை அரைகுறை, வாய் மட்டும் வண்டி வண்டியாய். இப்படிப்பட்ட ஆளைப் பேய்கூட மதிக்காது... கேளுங்கள்.

அன்று மத்தியானம் இடுகாட்டு அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஓர் ஓட்டைக் கம்ப்யூட்டர். புதைத்தவர்களின் பட்டியல் முழுக்க அதன் மெமரியில். பழைய இயந்திரம், ஓர் அளவுக்கு மேல் எண்ணத் தெரியாது. மெமரியை எவ்வளவு செருகினாலும், கடைசி எண்ணைத் தாண்டினால் மறுபடி முதல் எண்ணுக்கே போய்விடும். பட்டியல் நிரம்பிவிட்டது. இனி ஒரு பெயர் அடித்தால், அது முதல் பெயரின் மேல் போய் உட்காரும். அங்கே இருந்தவர் அழிந்துபோவார்.

பட்டியலை வேறு இயந்திரத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. நம்மாளுக்கா பொறுமை? சும்மா இரண்டு மெமரி அட்டைகளைச் செருகினார். சரியாகிவிட்டதா என்று பார்க்க, தொழிலில் எல்லாரும் செய்வதுபோலத் தன் பெயரையே அடித்தார். வீட்டு முகவரி, போன் நம்பரோடு. முதல் பெயர் காணாமல் போயிற்று.

குமாஸ்தா பதறினார். "சார், அது ஒரு தையல்காரர். பாவம், அவருக்கு வேற இடம் இல்ல. உங்க பேரை எடுத்துட்டு அவர் பேரைப் போட்டுடுங்க."

"செத்தவன் சண்டைக்கா வரப்போறான்? நாளைக்குப் பாத்துக்கலாம்யா. நான் சொல்லாம நீ எதையும் தொட்டுடாத. உனக்கெல்லாம் இது புரியாது."

சொல்லிவிட்டுக் கிளம்பியவர்தான் இப்போது வீட்டு வாசலில் நிற்கிறார். கதவைத் தட்டினார். கை பட்டது... சத்தம் வரவில்லை. அழைப்பு மணியை அமுக்கினார். அதுவும் ஊமை. ஜன்னல் பக்கம் போனார். குப்பென்று ஈர மண் வாசனை.

உள்ளே, அவருடைய நாற்காலியில், அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மகளின் பள்ளிக்கூடச் சட்டை. பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். சர்க்... சர்க்... துணிக்குள் நூல் போகும் சத்தம். நிமிர்ந்தபோது முகம் தெரிந்தது. இவருடைய முகமேதான். ஊசி பிடித்த விரல்கள் மட்டும் வேறு யாருடையவோ.

"அப்பா, உங்க மேல மழை வாசனை அடிக்குது," என்றாள் மகள்.

"அப்படியாம்மா?"

எவ்வளவு மெதுவான குரல்! அந்த வீட்டில் அப்பா அப்படிப் பேசி யாரும் கேட்டதே இல்லை.

இவர் கத்தினார். "ஏய்! நான் இங்க நிக்கறேன்டி! அவன் யாருடி?"

அவர் மனைவி, நண்பனின் அக்கா, ஜன்னலுக்கு வந்தாள். நேராக இவரைப் பார்த்தாள்... இவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். "குளிருது," என்று கண்ணாடியைச் சாத்தினாள். மனுஷன் இருக்கத்தான் இருந்தார். வீட்டுக்கு அவரை எண்ணத் தெரியவில்லை, அவ்வளவுதான். வீடு, பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

அப்போது உள்ளே போன் அடித்தது. அக்கா எடுத்தாள்.

"யாரு... குமாஸ்தாவா? செத்தவங்க பட்டியல்ல இவர் பேரா?... எடுத்துட்டுப் பழைய பேரையே போட்டுடட்டுமான்னு கேக்கறீங்களா?"

இவருக்கு உயிர் வந்தது. இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தார். "போடச் சொல்லு! சீக்கிரம் போடச் சொல்லுடி!"

நாற்காலியில் இருந்தவர் பல்லால் நூலைக் கடித்து, சட்டையை உதறி, மகளிடம் நீட்டினார். அந்த நகக்கண்களில் ஈர மண். அக்கா அதைப் பார்த்தாள். கிட்டே போய், நன்றாகவே பார்த்தாள்.

பிறகு போனை வாயருகே வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னாள்:

"வேண்டாங்க... அப்படியே இருக்கட்டும்."