எண்பது கிராம் சோறு

— அந்தச் சொரக்காயையும் போட்டோ எடுக்கணுமா மதினி? அது என்ன கல்யாணப் பொண்ணா?

— எடுக்கணும் சொர்ணம். திங்கதுக்கு முன்னால ஒண்ணு, தின்ன பெறவு வெறுந்தட்டு ஒண்ணு. மூணு வேளையும் டயட் மேடத்துக்கு அனுப்பணும். கைய எடு, நெழலு விழுது.

— மேடத்துக்கு அனுப்புங்க, வேண்டாங்கல. நம்ம குடும்ப குரூப்லயும் எதுக்குப் போடுதீய? காலையில கண்ண முழிச்சா போன்ல ஒங்க எடை மிசினு. இன்னைக்கு அறுவத்தொம்பது புள்ளி நாலு. ஒடனே சித்தப்பா கைகூப்புதாரு. எம்மவ பிரித்திகா, நான் பெத்தவ, அவ நாலு அழுகுத பொம்மை போட்டு, ‘மாமாவுக்குக் கிட்னி குடுக்கதுக்காக எங்க அத்தை பட்டினி கெடக்காவ’ன்னு எழுதுதா.

— பட்டினின்னு யாருட்டி சொன்னா? டாக்டரு அளவு போட்டுத் தாராரு. எம்பது கிராம் குதிரவாலிச் சோறு, நூறு கிராம் கோழி, நாள் முழுக்க மூணு ஸ்பூன் எண்ணெய். தராசுல வைக்கேன், திங்கேன். ஒனக்கும் இதே சீட்டுதான குடுத்தாவ?

— குத்திக் காட்டுதீயளாக்கும்?

— சும்மா கேட்டேன்.

— நீங்க ஒண்ணும் சும்மா கேக்க மாட்டீய. ஆமா, ரெண்டு பேரு கிட்னியும் அண்ணனுக்குச் சேரும்னாரு டாக்டரு. ரெண்டு பேரும் குண்டு, பத்துப் பத்துக் கிலோ எறக்கிட்டு வாங்கன்னாரு. நான் அஞ்சாம் நாளு பூரி தின்னேன். அத கோவில்பட்டி பூராவும் சொல்லியாச்சு. போதுமா?

— நான் யாருகிட்டயும் சொல்லல. நீதான் பூரியோட ஸ்டேட்டஸ் வச்ச.

— அது மறந்துபோயி வச்சது! வைகாசியில சுந்தரேஸ்வரி மக சடங்குல நீங்க பண்ணுனது மட்டும் என்னவாம்? பந்தியில எல்லாரும் எலையப் போட்டு உக்காந்திருக்கோம். நீங்க டிபன் பாக்ஸத் தொறந்து, பையில இருந்து தராச எடுத்து வைக்கிய. பரிமாறுதவன் பாயச வாளியோட நின்னு ஒங்களையே பாக்கான். ‘மவராசி, புருசனுக்காக வாயக் கட்டுதா’ன்னு கெழவிய எல்லாம் கன்னத்துல போட்டுக்கிடுதாவ. எம்பக்கம் ஒருத்தரும் திரும்பல. அப்பளம் கூட வரல எனக்கு.

— அப்பளத்துக்கா இவ்வளவு கோவம்?

— அப்பளத்துக்கு இல்ல மதினி. விடுங்க. இந்தாங்க, கடம்பூர் போளி. தேங்காப் போளி, ஒங்களுக்குப் புடிக்கும்லா. வார வழியில எறங்கி சூடா வாங்கியாந்தேன்.

— வேண்டாம் தாயி.

— ஒண்ணே ஒண்ணு. ஒரு போளியில ஆப்பரேசன் நின்னு போயிராது.

— சொர்ணம், எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நான் தின்னு எடை ஏறணும்னுதான கொண்டாந்த?

— சூடு ஆறுது மதினி, மொதல்ல வாயில வைங்க.

— சொல்லுட்டி.

— ஆமா, அதுக்குத்தான். பஸ்ஸுல வரும்போதே, இது பாவம்னு தோணிச்சு. மனசு கேக்கல. வயிறு எரியுது மதினி, நான் என்ன செய்ய? அண்ணன் எங்கூடப் பொறந்தது. புதூர் பள்ளிக்கூடத்துக்கு என்னைய சைக்கிள்ல பின்னால வச்சு மிதிக்கும். மழ பேஞ்சா கரிசச் சேறு டயரச் சுத்திப் புடிச்சுக்கிடும். எறங்கி, குச்சியால வழிச்சுப் போட்டுட்டு, நீ எறங்காத, செருப்பு போயிரும்னு சொல்லிட்டு மறுபடி மிதிக்கும். நீங்க வந்து இருவது வருசந்தான் ஆச்சு. அண்ணனுக்குக் கெட்டுப்போன கிட்னி எங்கம்மா வயித்துல உண்டானது. புதுசா வைக்கதும் எங்கம்மா வயித்துல இருந்து வந்ததா இருக்கணும்.

— அந்த எண்ணம் அஞ்சாம் நாளு எங்க போச்சு?

— திரும்பி வந்துட்டுல்லா! என்னைய நல்லாப் பாருங்க மதினி. வந்து அரை மணி நேரமாச்சு. ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?

— ரவிக்க தொளதொளன்னு கெடக்கு. டெய்லரு அளவ மாத்தித் தச்சிட்டானோன்னு நெனச்சேன்.

— அளவெல்லாம் சரிதான், உள்ள இருக்க ஆளுதான் கொறஞ்சு போச்சு. ஆடி மாசம் நீங்க ‘எழுவத்தஞ்சு’ன்னு மொதமொதல்ல குரூப்ல போட்டீயள்லா, அந்த வாரமே தனியா மதுரைக்குப் போனேன். அதே டாக்டரு. ‘எனக்கு மொதல்ல இருந்து சீட்டு எழுதிக் குடுங்க, எங்க மதினிக்கு மட்டும் தெரியக்கூடாது’ன்னேன். நீங்க ஒரு கிலோ எறங்குனா நான் ஒண்ணர எறங்கணும்னு வெறி. ‘அப்படியெல்லாம் பறக்காதீங்கம்மா, மாசம் மூணு கிலோவுக்கு மேல எறங்கக் கூடாது’ன்னு வைதாரு. வீட்டுல மட்டன் கொதிக்கும், நான் ஒங்க தட்டு போட்டோவப் பாத்துக்கிட்டே சொரக்காயத் திம்பேன். இவ தாங்குதா, நான் தாங்க மாட்டேனான்னு. எழுவத்தேழு இருந்தேன். இப்ப அறுவத்தாறு.

— அறுவத்தாறா!

— எரியுதுல்லா? இன்னும் கேளுங்க. நேத்து எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சு போச்சு. நான் குடுக்கலாம்னு டாக்டரு எழுதியே குடுத்துட்டாரு.

— நெசமாவா? அந்தப் பேப்பரு எங்க?

— பையில பத்திரமா இருக்கு. தர மாட்டேன். அண்ணன் டயாலிசிஸ் முடிஞ்சு வரட்டும், அது கையிலதான் குடுப்பேன்.

— பிரசரு பாத்தாவளா? சக்கர?

— எல்லாம்னு சொன்னேன்லா. பிரசரும் இல்ல, சக்கரயும் இல்ல.

— இன்னொருக்கச் சொல்லு சொர்ணம்.

— சக்கர இல்ல மதினி! என்ன, அழுகுதீயளா? அழுங்க. நாலு மாசமா நானும் இப்படித்தான் வெந்தேன். ஆனா ஒங்களக் கையெடுத்துக் கும்புடுதேன். ஊரு ஒங்களையே மவராசின்னு சொல்லட்டும், பிரித்திகா ஒங்களுக்கே பொம்மை போடட்டும். இந்த ஒண்ண மட்டும் எனக்கு விட்டுக் குடுங்க.

— எரியத்தான் செய்யுது, இல்லைங்கல. ஆனா விட்டுக் குடுக்க எங்கிட்ட என்னட்டி இருக்கு? எனக்குச் சக்கர வந்துட்டு, நான் குடுக்க முடியாதுன்னு ஆனி மாசமே சொல்லிட்டாவ. ஒங்கிட்ட அழுது கேட்டா நாலு நாளுதான் தாங்குவ, எம்மேல பொறாமைன்னா கடைசி வரைக்கும் நிப்பன்னுதான் தெனமும் குரூப்ல போட்டேன்.