நூற்றுக்கு மூன்று குறைவு

பெயர் ஜிப்ரி சஹ்லா. வயது 33. முகவரி காத்தான்குடி 05. தொழில் இயந்திர வடிவமைப்புப் பொறியியலாளர். இவர் கூறுவதாவது:

நான் உயர்தரத்தில் கணிதம் படித்தேன். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதாமல் உயர் தேசிய டிப்ளோமா முடித்தேன். அதன் பின்னர் கொழும்பில் ஒரு கம்பனியில், மற்றவர்கள் கையால் கீறிய படங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்து, நான்காம் வருடம் என் படத்தைப் பார்த்து மற்றவர்கள் இரும்பு வெட்டும் அளவுக்கு வந்தேன். அதன் பின்னர் ஊர் திரும்பி, வீட்டு முன்னறையில் இருந்தபடி கட்டார் கம்பனி ஒன்றுக்கு வால்வுகள் வடிவமைத்து வருகிறேன். ஊரில் இன்றுவரை "கொம்பியூட்டர் தட்டுற புள்ள" என்றே சொல்கிறார்கள். அது எனக்குக் கோபம்.

கடந்த பெப்ரவரியில், களுவாஞ்சிக்குடியில் அரிசி மா விற்கும் வதனி மா வறுக்கும் இயந்திரம் ஒன்று கேட்டார். ஐந்து வாரம் இருந்து கீறினேன். அதைச் செய்து தர முடியுமா என்று கேட்டு, வேர்க்‌ஷொப் வைத்திருக்கும் பாறூக் நானாவுக்கு அளவு எதுவும் எழுதாத தோற்றப் படம் ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்துக்கு ஒன்று என்ற அளவுத்திட்டம் மட்டும் அதில் இருந்தது. அவர் பதில் தரவில்லை. அதன் பின்னர் ஏறாவூரில் செய்வித்து வதனியிடம் கொடுத்தேன். அதன் பின்னர் பாறூக் நானா, தானும் அதே இயந்திரம் செய்து வைத்திருப்பதாகவும், அது தன் கண்டுபிடிப்பு என்றும், நான் களவெடுத்ததாகவும் பொலிஸில் முறைப்பாடு செய்து, தன் மூலப் படமென ஒரு தாளையும் கொடுத்தார். இந்தத் தொழிலில் களவுப் பெயர் விழுந்தால் அதற்குப் பிறகு ஒருவரும் என்னிடம் படம் கேட்கமாட்டார்கள்.

இன்று காலை நிலையத்தில் அவர், "நான் மண்டயப் போட்டு உடச்சிச் செஞ்ச சாமான் சேர்" என்றார். நான் அந்தத் தாளை வாங்கி அடிமட்டம் வைத்து அளந்தேன். நூறு மில்லிமீற்றரில் நான் கீறிய உருளை அதில் தொண்ணூற்றேழாக இருந்தது. சாதாரண பிறின்டர் ஓரத்தில் இடம் விடுவதற்காகப் படத்தைச் சுருக்கிவிடும். அதனால் தொழில் தெரிந்தவர்கள் தாளில் அடிமட்டம் வைத்து அளவு எடுப்பதில்லை, எழுதியிருக்கும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். இவரிடம் எண் இல்லை; தாளை அளந்து பத்தால் பெருக்கித்தான் செய்திருக்க வேண்டும்.

அதன் பின்னர், அவருடைய இயந்திரத்தை ஒருநாளும் கண்டிராத நான், உருளையின் நீளம் 970, விட்டம் 582, சட்டத்தின் உயரம் 776 என்று எழுதி சார்ஜன் ஜெயரூபனிடம் கொடுத்தேன். கடையில் வாங்கும் மோட்டார் சுருங்காது, ஆகவே அதைப் பூட்டும் துளைகளும் பொருந்தியிராது என்றும் சொன்னேன். அதன் பின்னர் மூவரும் வேர்க்‌ஷொப்புக்குச் சென்றோம். சார்ஜன் தன் கையால் அளந்தார். 970. 582. 775. துளைகள் கிரைண்டரால் இழுத்து நீட்டப்பட்டிருந்தன. நான் மடிக்கணினியைத் திறந்து, மார்ச் மாதத் திகதியுடன் இருந்த என் படத்தைக் காட்டினேன். 1000. 600. 800. குறைந்த அந்த ஒரு மில்லிமீற்றர் என்னுடையதல்ல, அவருடைய வெல்டிங்கின் குறை.

அதன் பின்னர் பாறூக் நானா, "ஓம் சேர், புள்ளட படம்தான்" என்று ஒப்புக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து என் பக்கம் திரும்பி, "மோட்டார் கிடந்து ஆடுது புள்ள. சரியான அளவத் தா" என்றார்.

தருவதாகச் சொன்னேன். ஆனால் அவர் செய்யும் ஒவ்வொரு இயந்திரத்திலும் 'வடிவமைப்பு: ஜி. சஹ்லா' என்று தகட்டில் பொறிக்க வேண்டும் என்றேன். சார்ஜன் முன்னிலையில் அவர் சம்மதித்தார்.

மேலே உள்ளது நான் சொன்னபடி எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அத்தனையும் உண்மை. எண்களை நானே இன்னொரு தடவை சரிபார்த்து ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஜி. சஹ்லா