கால் நிமிஷ நாடி

மாலை ஏழு மணி. மழை விட்டிருந்தது, இருட்டு விடவில்லை. மூடிக் கிடக்கும் ஆலையின் மதிலை ஒட்டி ஒரு நீளச் சாலை... விளக்குக் கம்பங்கள் வரிசையாக உண்டு, விளக்குத்தான் இல்லை. அந்தச் சாலையில் ஒரு நர்ஸ் தனியாக நடந்து போகிறாள்.

நம் கண்ணாடிக்கடைக்காரரின் மச்சினிதான் அவள். கதை விடுவதாக யாருக்காவது தோன்றினால் அவரையே கேட்டுக்கொள்ளலாம். அதோ, கதை கேட்க வந்த நம் கூட்டத்தில், கதவுக்கு முதுகைக் காட்டாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாரே... காரணம் இல்லாமல் இல்லை.

இதய நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனிப்பது அவள் வேலை. கெட்டிக்காரி. ஒரே ஒரு பழக்கம். நாடி பிடித்தால் கால் நிமிஷம்தான் எண்ணுவாள். நாலால் பெருக்கிச் சொல்லிவிடுவாள். கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயரே 'கால் நிமிஷம்'. கேலி செய்தால், "சந்தேகம் வந்தாத்தான்டி முழு நிமிஷம் எண்ணணும். எனக்கு எப்ப சந்தேகம் வந்திருக்கு?" என்று மடக்கிவிடுவாள்.

அன்று அவள் செருப்புச் சத்தத்தோடு இன்னொரு செருப்புச் சத்தம். சளக்... சளக்... நின்றாள். அதுவும் நின்றது. ஆனால் ஓர் அடி பிந்தி. மதில் எதிரொலிக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

சாலை முடிகிற இடத்தில் கடைசி வீடு. நோயாளியின் மகள் கதவைத் திறந்தாள். கட்டிலில் அவளுடைய அப்பா, பழைய லாரி டிரைவர். இதயம் சோர்ந்து, கை கால் முழுக்க நீர் கோத்திருந்தது. விரலால் அமுக்கினால் பிசைந்த மாவில் விழுந்த குழிபோல அப்படியே நிற்கும். துடிப்பை மட்டுப்படுத்த அவருக்கு ஒரு மாத்திரை. நாடி அறுபதுக்குக் கீழே போயிருந்தால் அதைக் கொடுக்கவே கூடாது. ஏற்கெனவே தயங்கும் இதயம் ஒரேயடியாக நின்றுவிடலாம். அதைப் பார்த்துக் கொடுக்கத்தான் அவள் வருவதே.

"என்ன தாத்தா, வண்டி எப்படி ஓடுது?"

"இஞ்சின் போச்சும்மா. ஹாரன் மட்டும் நல்லா அடிக்குது" என்று இருமிக் காட்டினார் பெரியவர்.

அவள் சிரித்து முடிப்பதற்குள் மின்சாரம் போனது.

"ஐயோ, மெழுகுவத்தியை எங்க வெச்சேன்..." மகள் சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். நர்ஸின் கைபேசி மழையில் நனைந்து செத்திருந்தது. அறையில் தைல வாசனை... அதற்கும் அடியில் ஈரத்துணியின் புழுங்கல் வாசனை. வந்தபோது அது இல்லை.

கைக்கடிகாரத்தின் முட்கள் இருட்டில் பச்சையாக மினுங்கின. அது போதும் அவளுக்கு.

"கையைக் கொடுங்க தாத்தா."

ஒரு கை வந்து அவள் உள்ளங்கையில் படிந்தது. ஒல்லியான மணிக்கட்டு. எலும்பு தட்டுப்பட்டது. "பரவாயில்லையே! வீக்கம் நல்லா வத்திடுச்சே" என்று பூரித்துப்போனாள். ஜில்லென்றிருந்தது. ரத்த ஓட்டம் மந்தமானவர்களுக்குக் கை ஜில்லென்றுதானே இருக்கும்? மூன்று விரல்களை வைத்தாள். பச்சை முள் கால் வட்டம் போயிற்று. பதினெட்டு. நாலால் பெருக்கினால் எழுபத்திரண்டு. கையை விட்டாள். உதட்டைத் தடவி மாத்திரையைப் போட்டு, தண்ணீர் புகட்டினாள். மடக்... விழுங்கிவிட்டார்.

விளக்கு வந்தது.

போர்வை பெரியவரின் கழுத்து வரை மூடியிருந்தது. கை வெளியே இல்லை.

"கையை எப்ப தாத்தா உள்ள வெச்சீங்க?"

"குளிருதுன்னு நான் வெளியவே எடுக்கலையேம்மா."

போர்வையை விலக்கினாள். வயிற்றின்மேல் கோத்து வைத்த இரண்டு கைகள். கொழுகொழுவென்று, நீர் கோத்து, பளபளவென்று...

ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். அன்றுதான் முழு நிமிஷம் எண்ணினாள். லப்-டப்... அடுத்தது வருமா என்று காக்க வைத்துக் காக்க வைத்து வந்தது. நாற்பத்து நாலு.

ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றும்போது பெரியவர் வாசலையே பார்த்தார். "உன்கூட வந்த பொண்ணு ஏறலையாம்மா? இவ்வளவு நேரம் உன் பக்கத்துலதானே நின்னுச்சு?"

ஆயுசு கெட்டி, பெரியவர் பிழைத்துக்கொண்டார். நர்ஸும் திருந்திவிட்டாள். இப்போதெல்லாம் யாருக்கும் முழு நிமிஷம்தான்.

ஆனால் தினமும் அவள் கண்ணயரும் நேரத்தில் மூன்று விரல்கள் வந்து இடது மணிக்கட்டில் அமர்கின்றன. ஜில்லென்று. ஈரத்துணி வாசனையோடு. கண்ணைத் திறக்கத் துணிவில்லை.

"யாரோ நாடி பாக்குறாங்க அக்கா. கால் நிமிஷம்தான். அப்புறம் விட்டுடுறாங்க" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

"நாலால பெருக்கிக்குவாங்களா இருக்கும்!" என்று கிண்டலடித்தவர் நம் கண்ணாடிக்கடைக்காரர்தான்.

இன்று விடியற்காலையில் அவளிடமிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. அவள் அழவில்லை. குரல்தான் தேய்ந்துபோயிருந்தது.

"அக்கா... ராத்திரி விடலை. முழு நிமிஷம் எண்ணுச்சு."