கால் அங்குலம்

பெண்களுக்கு உடை தைக்கிறவனுக்கு வாயடக்கம் வேண்டும். யாருக்கு இடுப்பு எத்தனை அங்குலம் என்று இருபது வருடத்தில் வெளியே ஒரு சொல் விட்டதில்லை. அதனால்தான் என் கடைக்கு நம்பி வந்தார்கள்.

என் மனைவிக்கு, கல்யாணத்தின்போது, இருபத்தாறு. கொடி மாதிரி இருப்பாள், சொன்னதைக் கேட்பாள். பிறகு மருத்துவமனையில் சீட்டு எழுதும் வேலைக்குப் போனாள். இடுப்பு முப்பது ஆனது. வாயும் நீண்டது. "ஏன், எனக்குத் தெரியாதா?" என்று ஒருநாள் எதிர்க்கேள்வி கேட்டாள். உடம்பு தடித்தால் பெண்ணுக்கு அடக்கம் போய்விடும். என் தொழிலில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு, வேலை முடிந்து சிரித்த முகமாக வீட்டுக்கு வருவாள். யாரைப் பார்த்த சிரிப்பு? விசாரித்தேன். அப்படி யாருமே இல்லை என்றார்கள். அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது.

நான் கை நீட்டவில்லை. ஞாயிறுதோறும் அவள் குளிக்கப் போனதும், அவள் உடையில் இரண்டை எடுத்துப் பக்கத் தையலைக் கால் அங்குலம் உள்ளே பிடித்தேன்.

"என்னங்க, இதுவும் இறுக்குதே. துணி சுருங்கிடுச்சா?"

"அது சுருங்குற துணி இல்லம்மா."

அளவெடுக்கச் சொன்னாள். அளவு நாடாவின் தொடக்க நுனியில் இரண்டு அங்குலம் வெட்டி, நுனித் தகட்டைத் திரும்பப் பொருத்தி வைத்திருந்தேன்; எதை அளந்தாலும் இரண்டு கூடக் காட்டும். எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

இரவுச் சாப்பாட்டை விட்டாள். அப்புறம் காலைச் சாப்பாட்டை. ஐந்தாவது மாதம் வேலையையும் விட்டாள். படியேற என் தோள் வேண்டியிருந்தது. வீடு அமைதியானது.

அவள் அக்காதான் மோப்பம் பிடித்தாள். ஒரு உடையை உட்புறம் திருப்பி, வரிசை வரிசையாக இருந்த பழைய ஊசித் துளைகளை நகத்தால் தடவினாள்.

"தம்பி, இதை எத்தனை தடவை பிரிச்சுத் தச்சீங்க?"

"பழைய துணிதான், அக்கா" என்றேன். அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குள் மனைவிக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி, அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நிஜமாங்க?"

"உன் நல்லதுக்குத்தான்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் இதயம் நின்றது.

ஆமாம் இன்ஸ்பெக்டர், நான்தான் செய்தேன். நாடா உங்கள் மேசையில் இருக்கிறது; மறுத்து என்ன பயன்? ஆனால் கடைசியாக ஒருமுறை வேறு நாடாவால், சரியான நாடாவால், அளந்து பார்த்தேன். இருபத்து மூன்று. கல்யாணத்தன்று இருந்ததைவிட அழகாகத்தான் போனாள். அதை மட்டும் ஏன் எழுத மாட்டேன் என்கிறீர்கள்?